தந்தையில்லாப் பிறவிகள்

அவரைக் கொடியின் இளந்தளிரைத் திருப்பிப் பார்த்தால், அதன் அடியில் கடுகினும் சிறிய பூச்சிகள் மொய்த்திருக்கக் காணலாம். உழவர் இவற்றை அசுவினி என்பர். இன்று நான்கைந்தாக இருப்பவை சில நாள்களில் தளிர் முழுவதையும் மூடிவிடும். இக்கூட்டத்தில் ஆண் பூச்சியைத் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. ஆணின்றி இவை பெருகுவது எவ்வாறு?

இவ்வினா பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்களைப் பெரிதும் மயக்கியது. பாரிசு நகரத்து ரியோமூர் என்னும் அறிஞர், பிறந்த அசுவினியைத் தனியே வளர்த்துப் பார்க்க முயன்றார். பூச்சிகள் முதிருமுன்னரே இறந்துபட்டன. ஜெனீவா நகரத்துச் சார்லசு பொன்னே என்னும் இளைஞர் அப்பணியை மேற்கொண்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபதே.

1740ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள், அப்பொழுதுதான் பிறந்த அசுவினி ஒன்றை அவர் இலைகளோடு கூடிய சிறு கிளையின்மேல் விட்டு, வேறு பூச்சி எதுவும் அணுகாவண்ணம் கண்ணாடிச் சாடியால் மூடினார். விடியற்காலை முதல் இரவு வரை உருப்பெருக்கும் ஆடியின் வழியே அதனைக் கண்காணித்து, கண்டவற்றையெல்லாம் குறித்து வைத்தார். அப்பூச்சி நான்கு முறை தோலுரித்தது. ஜூன் முதல் நாளில் குஞ்சு ஈனத் தொடங்கி, அம்மாதம் 21ஆம் நாளுக்குள் 95 குஞ்சுகளை ஈன்றது!

எனினும் ஐயம் ஒழியவில்லை. ஒரு முறை நிகழ்ந்த புணர்ச்சியின் பயன் சில தலைமுறைகளுக்கும் தொடர்ந்து வருமோ என்று திரெம்பிளே என்னும் அறிஞர் வினவினார். வினா நேரியதே. பொன்னே அதற்கு மறுசொல் பேசாமல், குஞ்சையும் அதன் குஞ்சையும் தனித்தனியே அடைத்து, அடுத்தடுத்துப் பல தலைமுறைகளை வளர்த்துக் காட்டினார். இடையறாது ஆடியை நோக்கியதால், இளமையிலேயே அவருடைய கண்பார்வை குன்றியது.

கருவுறாத முட்டையிலிருந்து உயிர் தோன்றும் இம்முறையைக் கன்னி இனப்பெருக்கம் என்பர். பொதுவாக முட்டையில் தாயின் குரோமோசோம்களுள் பாதியே இருக்கும். மறுபாதி தந்தையிடமிருந்து வரும். அசுவினியின் முட்டையிலோ தாயின் குரோமோசோம்கள் குறையாமல் முழுமையாக இருக்கின்றன. அது தாயின் வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து, தாயை ஒத்த பெண் குஞ்சாக வெளிப்படுகிறது. அக்குஞ்சு பிறக்குமுன்னரே அதனுள் அடுத்த தலைமுறையின் கரு உருவாகத் தொடங்கிவிடும். பாட்டியின் வயிற்றிலேயே பேத்தியும் இருக்கும் இவ்வியப்பே அசுவினியின் விரைந்த பெருக்கத்திற்குக் காரணம்.

தேனீக்களின் முறை வேறு. ராணித் தேனீ இடும் முட்டைகளுள் கருவுற்றவை பெண் தேனீக்களாகின்றன. கருவுறாதவை ஆண் தேனீக்களாகின்றன. சைலீசியா நாட்டுச் சியர்சோன் என்னும் பாதிரியார் 1845ஆம் ஆண்டில் இதனை எடுத்துரைத்தார். பெண் தேனீக்கு 32 குரோமோசோம்கள். ஆணுக்கு 16 மட்டுமே. ஆண் தேனீக்குத் தந்தை இல்லை; ஆனால் தாயின் தந்தையாகிய பாட்டன் உண்டு!

முதுகெலும்புள்ள உயிர்களிலும் இது நிகழ்வதுண்டு. இங்கிலாந்தில் செசுட்டர் விலங்குக் காட்சிச்சாலையில் ஆணோடு சேராத கொமோடோ உடும்பு ஒன்று 2006ஆம் ஆண்டில் இட்ட முட்டைகள் கருக்கொண்டமை கண்டறியப்பட்டது. ஐரோப்பியப் புல்வெளிகளில் மஞ்சள் மலர் பூக்கும் டாண்டிலியன் செடிகளுள் பல, மகரந்தச் சேர்க்கையின்றியே விதை தருகின்றன. பாலூட்டிகளில் மட்டும் இஃது இயற்கையில் நிகழ்வதில்லை. தந்தைவழி வந்தால் மட்டுமே செயற்படும் சில மரபணுக்கள் அவற்றின் கருவளர்ச்சிக்கு இன்றியமையாதன.

இத்துணை எளிய முறை இருக்க, அசுவினி ஆணை முற்றும் துறந்துவிடாதது ஏன்? ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற கூட்டத்தில் ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தக்கூடும். ஆதலின் குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்துப் பகற்பொழுது குறுகியதும், தாய்ப்பூச்சிகள் ஆணையும் பெண்ணையும் பிறப்பிக்கின்றன. அவை கூடி இடும் முட்டைகள் உறைபனியைத் தாங்கிக் கிடந்து, இளவேனிலில் பெண் குஞ்சுகளாகப் பொரிக்கின்றன. தமிழகத்து வயல்களில் அத்தகைய உறைபனிக்காலம் இல்லை. அங்கு ஆண்டு முழுவதும் தாய்ப்பூச்சிகளே குஞ்சு ஈன்று பெருகுகின்றன.