விளையாட்டுப் பெட்டியில் ஒரு வியாபாரப் பாடம்

மண்டிக்காரருக்கு வீடியோ கேமில் என்ன வேலை என்று கேட்கலாம். பழுதான கேம் பாய் ஒன்றைப் பேரன் பிரித்துப் போட்டிருந்தான். நாமும் எட்டிப் பார்த்தோம். அமைப்பு நம் கடையைப் போலத்தான் இருந்தது.

கணக்குப் போடும் பிராசஸர், கல்லாவில் இருப்பவர். ராம் என்னும் தற்காலிக நினைவகம், முன்மேசை. அப்போதைக்கு வேண்டியது மட்டும் அதில் இருக்கும், நிறுத்தினால் காலி. செருகும் கார்ட்ரிட்ஜ்தான் கிடங்கு. விளையாட்டு முழுவதும் அங்கே.

ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி இதை 1989-ல் விற்பனைக்கு விட்டது. பிராசஸருக்கு ராம் வெறும் 8 கிலோபைட். திரையில் கலர் இல்லை; நான்கு சாயல்களே. இதை உருவாக்கிய பிரிவின் தலைவர் குன்பெய் யோகோய், பழகித் தேறிய மலிவான பாகங்களைப் புது வழியில் பயன்படுத்த வேண்டும் என்பவர்.

1990-ல் சேகா கம்பெனி கலர் திரையோடு கேம் கியரை இறக்கியது. திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு, ஆறு பேட்டரிகளை ஐந்து மணி நேரத்துக்குள் தின்றுவிடும். கேம் பாய் நான்கே பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கேம் கியர் விற்றது சுமார் 1 கோடி. கேம் பாய், பின்னால் வந்த கலர் மாடலையும் சேர்த்து, 11 கோடிக்கு மேல்.

வாங்கிப் போன பின் வாடிக்கையாளரின் கையைக் கடிக்கும் சரக்கு நமக்கும் நஷ்டமே. கொள்முதலின்போது இதை மறவாதிருப்போம்.