பிரபலங்களின் குடும்பச் சண்டை: நாம் தீர்ப்புச் சொல்லலாமா?



நடிகர் ரவி மோகனும் (ஜெயம் ரவி) ஆர்த்தியும் 2009-இல் திருமணம் செய்தவர்கள். பிரிவதாக 2024 செப்டம்பரில் ரவி அறிவித்தார். 2025 மே மாதம் இருவரும் மாறி மாறி நீண்ட அறிக்கைகள் வெளியிட்டனர். மனரீதியாகவும் பண விஷயத்திலும் தாம் கொடுமைப்படுத்தப்பட்டதாக அவர் சொன்னார். அதை மறுத்த ஆர்த்தி, தாமும் பிள்ளைகளும் கைவிடப்பட்டதாகச் சொன்னார். ஒருவரைப் பற்றி ஒருவர் அவதூறாக எதுவும் வெளியிடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே மாதம் உத்தரவிட்டது.

ஆனால் மூஞ்சிக்கல் டீக்கடையிலிருந்து நம் வீட்டு அடுப்படி வரை பேச்சு ஓயவில்லை. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னோம்.

இது அவ்வளவு எளிதல்ல. ஹாலிவுட் நடிகர் ஜானி டெப், ஆம்பர் ஹேர்ட் விவகாரத்தைப் பாருங்கள். மனைவியை அடித்தவர் என்று எழுதிய பத்திரிகை மீது டெப் தொடுத்த வழக்கில், அந்தச் செய்தி பெருமளவு உண்மையே என்று லண்டன் நீதிபதி 2020-இல் தீர்ப்பளித்தார். 2022-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜூரிகள் பெரும்பாலும் டெப்புக்குச் சாதகமாகவும், ஒரு விஷயத்தில் ஹேர்ட்டுக்குச் சாதகமாகவும் முடிவு சொன்னார்கள். வாரக்கணக்கில் சாட்சிகளை விசாரித்தும் இரண்டு நாட்டில் இரண்டு முடிவு. இரண்டு நிமிட வீடியோ பார்த்துவிட்டு நாம் எதை அறிந்துகொள்ள முடியும்?

கேள்விப்படும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருக்குர்ஆன் (49:6) கட்டளையிடுகிறது. சந்தேகம், துருவித் துருவி ஆராய்தல், புறம் பேசுதல் ஆகியவற்றை 49:12 தடுக்கிறது. அதே குர்ஆன் 4:148-இல், அநீதி இழைக்கப்பட்டவர் தம் குறையை வெளிப்படையாகச் சொல்ல அனுமதிக்கிறது. வேடிக்கை பார்ப்பவருக்குத்தான் வாய்ப்பூட்டு, பாதிக்கப்பட்டவருக்கு அல்ல.

ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) கணவர் தம்மை அடித்ததாக நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட செய்தி அபூதாவூதில் உள்ளது. 'வீட்டு விஷயத்தை ஏன் வெளியே சொல்கிறாய்' என்று அவர் திருப்பி அனுப்பப்படவில்லை. நபியவர்கள் கணவரையும் அழைத்துப் பேசி, மஹரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடச் செய்தார்கள்.

நாம் டிவி முன்னால் "ஒரு கை தட்டினால் ஓசை வருமா?", "பணத்துக்காக நாடகம் ஆடுகிறாள்", "ஆம்பளையை யாராவது கொடுமைப்படுத்துவார்களா?" என்கிறோம். அந்த நடிகர்கள் காதில் அது விழப்போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நம் மகள், மருமகள், தம்பி காதில் விழும். நாளை தனக்கு ஒன்று என்றால் இவர்கள் இதைத்தான் சொல்வார்கள் என்று அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஆகவே யாராவது மனம் திறந்தால் முதலில் குறுக்கிடாமல் கேளுங்கள். கேட்டதை வெளியே பரப்பாதீர்கள். பிணக்கு பேசித் தீரக்கூடியது என்றால் 4:35 காட்டும் வழியில் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை ஜமாஅத் அமர்த்தலாம். அடி, உதை, மிரட்டல் இருந்தால் சமாதானப் பேச்சு பிறகுதான், பாதுகாப்பே முதலில்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் எல்லா மதப் பெண்களுக்கும் உரியது. கணவன் வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமை, பாதுகாப்பு உத்தரவு, ஜீவனாம்சம் ஆகியவற்றை அதன் மூலம் கேட்கலாம். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி, கொடுமையைக் காரணம் காட்டி மனைவி பிரிவு கோரலாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். மலையிலிருந்து திண்டுக்கல் இறங்க முடியாதவர்கள் முதலில் போனில் பேசலாம்: மகளிர் உதவிக்கு 181, சட்ட உதவிக்கு 15100, அவசரத்துக்கு 112. அடி வாங்கும் ஆணும் காவல் நிலையத்தில் புகார் தரலாம். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

நம் நாவுகளையும் நம் இல்லங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.