கார் டயர்: பராமரிப்பும் மாற்றவேண்டிய காலமும்

கார் டயர் என்பது வண்டியின் எடையைத் தாங்கி, சாலையைப் பற்றிக்கொண்டு ஓடவும் நிற்கவும் உதவும் காற்றடைத்த ரப்பர் வளையம். ஓடும் காரில் சாலையைத் தொடும் உறுப்பு இது ஒன்றே. ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு பரப்பில்தான் தரையைத் தொடுகிறது. தேய்மானம், வயது, காயம் ஆகிய மூன்றையும் பார்த்தே டயரை மாற்றும் காலத்தை முடிவு செய்ய வேண்டும். பலர் தேய்மானத்தை மட்டுமே பார்க்கின்றனர். நெய்வேலி போன்ற ஊர்களில் இது ஆபத்தாக முடியக்கூடும்.

குறைவாக ஓடும் கார்கள்

1956-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (இன்றைய என்எல்சி இந்தியா) தன் பணியாளர்களுக்காக அமைத்தது நெய்வேலி நகரியம். வட்டங்களாகப் பிரித்துக் கட்டப்பட்ட இவ்வூரில் வீடு, பள்ளி, மருத்துவமனை, கடைவீதி எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. நாளொன்றுக்கு 11 கி.மீ. ஓடும் கார் ஓராண்டில் ஏறத்தாழ 4,000 கி.மீ. மட்டுமே ஓடும். 40,000 கி.மீ. உழைக்கக்கூடிய டயர் இந்தக் கணக்கில் தேய்ந்து முடியப் பத்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் ரப்பர் முதுமையடைந்துவிடும்.

அதே கார் கோடை விடுமுறையில் குடும்பத்துடனும் மூட்டை முடிச்சுகளுடனும் பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாக ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவிலுள்ள சென்னைக்கு வேகமாகச் செல்கிறது. வெயில், வேகம், பாரம் மூன்றும் பழைய டயரின் மீது ஒரே நேரத்தில் விழுகின்றன. ஊருக்குள் தெரியாத பலவீனம் நெடுஞ்சாலையில் வெளிப்படுகிறது.

ரப்பர் முதுமையடைவது ஏன்?

காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை மெல்ல மெல்லக் கெட்டிப்படுத்தி வெடிக்கச் செய்கின்றன. வெப்பம் இதை விரைவுபடுத்துகிறது. இதைத் தடுக்கவே தயாரிப்பின்போது ரப்பரில் மெழுகும் பாதுகாப்பு வேதிப்பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. டயர் ஓடி வளைந்து நெளியும்போது இவை மேற்பரப்புக்கு வந்து காப்பளிக்கின்றன. நின்றே கிடக்கும் காரில் இது சரிவர நடப்பதில்லை. ஆகவே, அதிகம் ஓடாத டயர் புதிதாகவே இருக்கும் என்று எண்ணுவது தவறு.

வயதை அறியும் முறை

டயரின் பக்கச் சுவரில் தயாரிப்புக் குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக, 2419 என்பது 2019-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரம். சில டயர்களில் இக்குறியீடு ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கம் காணவில்லையெனில் காரின் உட்புறம் நோக்கிய பக்கத்தில் தேட வேண்டும்.

ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் பணிமனையில் சோதிப்பது நல்லது. சில கார் நிறுவனங்கள் 6 ஆண்டுகளில் மாற்றச் சொல்கின்றன. எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பது டயர் நிறுவனங்கள் பலவற்றின் அறிவுரை. ஓடாமலே இருக்கும் ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

தேய்மான அளவு

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன்படி காரின் டயர் வரிப்பள்ளம் 1.6 மி.மீ. ஆழத்துக்குக் குறையக் கூடாது. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு இது 0.8 மி.மீ. புதிய கார் டயரில் பொதுவாக 7 முதல் 8 மி.மீ. வரை ஆழம் இருக்கும். பள்ளங்களின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் உள்ளன. டயரின் மேற்பரப்பு தேய்ந்து இம்மேடுகளுக்குச் சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது.

வரிப்பள்ளங்களின் முதன்மை வேலை மழைநீரை வெளியேற்றுவது. பள்ளம் ஆழம் குறைந்தால் டயர் நீரின்மேல் மிதந்து பிடிப்பை இழக்கும். கடலூர் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அப்போது 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்ட டயரை மழைக்கு முன்பே மாற்றிவிடுவது பாதுகாப்பானது.

தேய்ந்திருக்கும் விதமும் காரணத்தைக் காட்டும்:

இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு.
நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்.
ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் சரியில்லை.
ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சோதிக்க வேண்டும்.

காற்றழுத்தம்

வெயில் காலத்தில் டயர் வெடிக்காமலிருக்கக் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது நேர்மாறான விளைவைத் தரும். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிகிறது. அதனால் உண்டாகும் வெப்பம் உள்ளிருக்கும் கம்பி அடுக்குகளுக்கும் ரப்பருக்கும் இடையிலான ஒட்டுதலைத் தளர்த்துகிறது. நெடுந்தொலைவு வேகமாக ஓடும்போது டயர் வெடிக்க இது முக்கியக் காரணம்.

சரியான அழுத்தம் ஓட்டுநர் கதவை ஒட்டிய ஒட்டுவில்லையிலோ கையேட்டிலோ தரப்பட்டிருக்கும். முழுப் பாரத்துக்கு வேறு அளவு இருந்தால் பயணத்துக்கு முன் அதைப் பின்பற்ற வேண்டும். டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அளப்பதே முறை. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பி.எஸ்.ஐ. உயரும். இந்த உயர்வைக் கணக்கில் கொண்டே டயர் வடிவமைக்கப்படுகிறது. எனவே வழியில் சூடான டயரிலிருந்து காற்றை இறக்கக் கூடாது. பழுதில்லாத டயரும் மாதந்தோறும் சிறிது காற்றை இழக்கும். ஆகவே மாதம் ஒருமுறையாவது அளக்க வேண்டும். நைட்ரஜன் அடைத்த டயருக்கும் இச்சோதனை தேவை.

உடனே மாற்ற வேண்டியவை

பக்கச் சுவரில் கொப்புளம்போல் வீக்கம் இருந்தால் உள்ளே நூலிழைகள் அறுந்துள்ளன என்று பொருள். இதைச் சரிசெய்ய இயலாது. கம்பியோ இழையோ வெளியே தெரிவது, ஆழமான வெட்டு, பக்கச் சுவர் முழுவதும் வெடிப்பு ஆகியவையும் அத்தகையவே. பஞ்சர் ஒட்டுவது சாலையைத் தொடும் பகுதிக்கு மட்டுமே பொருந்தும். பக்கச் சுவருக்குப் பொருந்தாது.

புதிய டயர் வாங்கும்போது

பக்கச் சுவரில் 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், அகலம் 185 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு; ரேடியல் வகை; ரிம் விட்டம் 15 அங்குலம்; ஒரு டயர் தாங்கும் எடை 560 கிலோ; உச்ச வேகம் மணிக்கு 210 கி.மீ. என்று பொருள். பழைய டயரின் அளவே புதியதற்கும் இருக்க வேண்டும். எடைக் குறியீடு குறையக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தயாரிப்பு வாரத்தையும் பார்த்தே வாங்க வேண்டும்.

இரண்டு டயர்களை மட்டும் மாற்றினால் புதியவற்றைப் பின் சக்கரங்களில் பொருத்துவதே பரிந்துரைக்கப்படுகிறது. பின் சக்கரங்கள் ஈரச் சாலையில் பிடிப்பை இழந்தால் கார் சுழன்றுவிடும். அதை ஓட்டுநரால் கட்டுப்படுத்துவது கடினம். ஏறத்தாழ 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் பொருத்தினால் எல்லாம் சீராகத் தேயும். குறைவாக ஓடும் காருக்கு இந்தக் கிலோமீட்டர் கணக்குக்காகக் காத்திருக்காமல் ஆண்டுக்கு ஒருமுறை எல்லா டயர்களையும் கழற்றி உட்புறம் வரை சோதிப்பதே ஏற்றது.