நீச்சல் தெரியும் என்றால் என்ன? பழவேற்காட்டில் கற்றது

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் குளங்களில் தனி வகுப்பு எடுக்கிற நீச்சல் பயிற்சியாளன் நான். நாலடி ஆழம், டைல்ஸ் தரை, அடி தெரிகிற தண்ணீர். பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாள்ல கத்துக்குவான் சார்?" இருபதாம் நாள் பையன் ஃப்ரீஸ்டைல் அடிக்கிற மாதிரி ஒரு வீடியோ கிடைத்துவிட்டால் கொடுத்த காசு செரித்துவிடும். எட்டு வருஷம் இப்படியே ஓட்டினேன்.

போன வருஷம் பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு மீனவர், தெரிந்தவர் மூலமாகப் பேசினார். பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தர முடியுமா என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர நான் எதற்கு?

"பசங்களுக்கு வேணாம் சார். அதுங்க படகுலேர்ந்து குதிச்சுக் குதிச்சு தானா கத்துக்குதுங்க. பொண்ணுங்கதான் கரையோடயே நின்னுடுதுங்க."

இதற்குப் பிறகுதான் ஆக்ஸ்ஃபாம் 2005ல் வெளியிட்ட சுனாமி அறிக்கையைத் தேடிப் படித்தேன். கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்களின் எண்ணிக்கை ஆண்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் கடலுக்குள் இருந்த ஆண்களுக்கு அலை பெரிதாகத் தெரியவில்லை. மீனுக்காகக் கரையில் காத்திருந்த பெண்களைத்தான் அது அடித்துக்கொண்டு போனது. நீச்சல் தெரியாததும் ஒரு காரணம்.

பழவேற்காடு ஏரியைப் பார்த்தால் பயமே வராது. சில்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, ஆனால் பெரும்பகுதி ஆள் நிற்கிற ஆழம்தான். அதுதான் ஏமாற்றுகிறது. அடியில் சேறு; காலை ஊன்றினால் உள்ளே வாங்கும். முகத்துவாரத்துப் பக்கம் வற்றுநீர் கடலுக்கு இழுக்கும்போது நல்ல நீச்சல்காரனே தள்ளாடுவான். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து சுற்றுலா வந்த 22 பேர் இறந்தார்கள்.

மே மாதம் பத்துச் சிறுமிகளோடு ஆரம்பித்தேன். அம்மாக்கள் கரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் வாரம் குளத்துப் பாடத்தையே நடத்தினேன்: காலை உதை, கையை வீசு. ஒன்றும் நகரவில்லை. சுடிதார் தொடையில் சுற்றிக்கொண்டது. கரையிலிருந்து ஒரு பாட்டி, "மொதல்ல தண்ணி மேல படுக்கச் சொல்லுப்பா" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

மிதப்பது வெறும் கணக்கு. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1000 கிராம், கடல்நீர் சுமார் 1025 கிராம். மூச்சை நிறைய இழுத்து வைத்திருக்கும் உடம்பு பெரும்பாலும் இதைவிட லேசானது. மூச்சை விட்டதும் கனமாகிவிடும். ஆகவே தம் கட்டுவதுதான் முதல் பாடம். இரண்டாவது பாடம் தலை. பெரியவர்களின் தலை நாலைந்து கிலோ இருக்கும். பயத்தில் அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் அந்த எடையைத் தாங்க ஆளில்லை. கால் கீழே போகும், பின்னாலேயே எல்லாம் போகும். மல்லாந்து படுத்து, காது நனைய, வானத்தைப் பார்க்கச் சொன்னேன். மூன்றாம் வாரம் பத்துப் பேரும் மிதந்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

டிசம்பரில், மழை விட்ட ஒரு நாள், கரையோரம் அதே பிள்ளைகளை இறக்கினேன். மூன்று பேர் திணறிவிட்டார்கள். ஒருத்தி சத்தமே போடவில்லை. வாய் தண்ணீர் மட்டத்தில், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தியபடி நின்ற நிலையில் இருந்தாள். அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா 1970களிலேயே விவரித்த அதே நிலை. மூழ்குகிறவர் சினிமாவில் போலக் கூப்பிட மாட்டார். மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? நான் கையெட்டும் தூரத்தில் இருந்தேன். தூக்கிவிட்டேன்.

என்ன ஆனது? கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, வெயிலில் நீர் சுண்டி, ஏரி கடலைவிடவும் உப்பாகும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் மற்ற ஆறுகளும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். கடல்நீருக்கும் நல்ல தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தில் மட்டுமே 25 கிலோ சிறுமிக்குச் சுமார் 600 கிராம் தாங்கல் குறையும். மே மாதம் கண்ணுக்குக் கீழே நின்ற தண்ணீர் இப்போது மூக்குக்கு வந்தது. உடனே தலையைத் தூக்கினார்கள். மீதி மேலே சொன்ன கணக்கு.

அவள் அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "மழைத்தண்ணி தூக்காது சார், தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது. எட்டு வருஷமும் ஒரே மாதிரித் தண்ணீரில் நின்று சம்பாதித்தவன்.

வங்கதேசத்தில் ஊர்க்குளங்களில் மூங்கில் மேடை கட்டி நடத்தும் ஸ்விம்சேஃப் வகுப்புகளில், பிள்ளை 25 மீட்டர் நீந்தி, 30 விநாடி மிதந்தால் தேறியதாகக் கணக்கு. ஸ்டைல் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன், ஒரு மாற்றத்தோடு: உடுத்திய துணியோடு, கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை.

அன்று திணறியவள் ஜனவரியில் திரும்ப வந்தாள். கூடவே அவள் அம்மாவும் நைட்டியோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்று, "எனக்கும் படுக்கச் சொல்லிக் குடுங்க" என்றார். ஆண் பயிற்சியாளன் கை கொடுக்கத் தயங்கினேன். மகள்தான் அம்மாவின் கழுத்துக்கடியில் கையை வைத்து, "காது நனையட்டும்மா" என்றாள்.