ஒரு பக்கம் தேயும் டயரும் ஒரு பக்கம் இழுக்கும் காரும்

நேரான சாலையில் ஸ்டீயரிங் பிடியைச் சற்றே தளர்த்தியதும் கார் ஒரு பக்கமாக விலகிச் செல்வதும், டயர் ஒரு விளிம்பில் மட்டும் தேய்வதும் பல வேளைகளில் ஒரே குறையின் இரு அடையாளங்களே. ஆயினும் தேய்ந்த டயரைக் கொடுத்துவிட்டுப் புதியதை மாட்டினால் போதும் என்று கருதும் வழக்கமே பரவலாக உள்ளது. இதனால் மூலக்காரணம் வண்டியிலேயே தங்கிப் புதிய டயரையும் கெடுப்பதோடு, பின்னாளில் நிவாரணம் கோர உதவும் சான்றும் கைநழுவிப் போகிறது.

தேய்மானத்தின் வடிவம் காரணத்தைப் பெருமளவு காட்டிக்கொடுக்கும். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மிஞ்சியிருந்தால் காற்று குறைவாகவும், நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதியாகவும் நெடுநாள் ஓடியிருக்கிறது எனலாம். உள்விளிம்போ வெளிவிளிம்போ மட்டும் தேய்ந்திருப்பின் கேம்பரை, அதாவது முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்திருக்கும் கோணத்தை, முதலில் ஐயுற வேண்டும். டயரின் மேற்பரப்பைக் கையால் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப்பல் போலவும் தட்டுப்பட்டால், இரு சக்கரங்களின் முன்புறங்கள் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நிற்கும் அளவான டோ பிசகியிருக்கிறது. ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருப்பது தளர்ந்த ஷாக் அப்சார்பரையோ, பேலன்சிங் தவறிய சக்கரத்தையோ குறிக்கும்.

இழுப்பைக் கண்டறிவதில் வரிசை முக்கியம். வண்டி ஓடிச் சூடாகும் முன்பு, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள அளவின்படி காற்றழுத்தத்தைச் சரிசெய்வதே முதற்படியாகும். மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருப்பதால், இடப்புறம் ஓட்டும் நம் நாட்டில் கார் மெல்ல இடப்பக்கம் நகர்வது இயல்பே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் கோளாறு பெரும்பாலும் பிரேக் காலிபரில் இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சூடேறுவதும் அதற்கு அறிகுறியாகும். இவையெல்லாம் சரியாக இருப்பின், முன்சக்கரங்கள் இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். இழுக்கும் திசையும் மாறினால் குற்றம் டயரில் உள்ளது. மாறாவிட்டால் வண்டியின் அமைப்பில் உள்ளது. செலவு மிகக் குறைந்த இச்சோதனையைச் செய்து காட்டும்படி பணிமனையிடம் தயங்காமல் கேட்கலாம். ஒரே திசையில் சுழலுமாறு அம்புக்குறி இடப்பட்ட டயர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

அமைப்பில் குறை என்று தெரிந்தபின் வீல் அலைன்மென்ட் செய்யப்படுகிறது. பல சிறிய கார்களின் முன்சக்கரங்களில் எளிதில் திருத்தக்கூடியது டோ மட்டுமே. டோ பிசகு டயரைத் தேய்க்குமேயன்றித் தனியாக வண்டியை இழுப்பது அரிது. ஆகவே கேம்பரோ, ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வான காஸ்டரோ வரம்பு மீறியிருந்தால், லோயர் ஆர்ம் வளைந்துள்ளதா, புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் தேய்ந்துள்ளனவா என்று ஆராயாமல் செய்யப்படும் அலைன்மென்ட் வீண் செலவாகும்.

ஆபத்தும் சிறிதன்று. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன்படி கார் டயரின் பள்ளங்கள் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் கொண்டிருக்க வேண்டும். உள்விளிம்புத் தேய்மானம் வெளியே நின்று பார்ப்பவர் கண்ணில் படாததால், கம்பி தெரியும்வரை கவனிக்கப்படாமல் போய் நெடுஞ்சாலை வேகத்தில் டயர் வெடிக்க நேரிடலாம்.

புதிய டயரிலேயே உற்பத்திக் குறை இருப்பதாகக் கருதினால், அலைன்மென்ட் பிசகால் நேர்ந்த தேய்மானம் வாரன்டியில் அடங்காது என்ற மறுப்பே பெரும்பாலும் முதலில் வரும். அதை எதிர்கொள்ள, சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அலைன்மென்ட் அளவுகளின் அச்சுப்படி, கிலோமீட்டர் குறிப்பிட்ட பில், டயரின் படங்கள், எழுத்துவடிவ மறுப்பு ஆகியவை தேவை. டயரையும் கைவிட்டுவிடக் கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருளின் குறையோடு பணிமனையின் சேவைக் குறைபாட்டையும் முறையீட்டுக்கு உரியதாக்குகிறது. சோதனையின்றி முடிவு செய்ய இயலாத குறையாயின், மாவட்ட நுகர்வோர் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சொந்த வாடகைக் காரைத் தாமே ஓட்டி, அதையே பிழைப்பாகக் கொண்டோரும் இச்சட்டத்தில் நுகர்வோரே என்பதை ஓட்டுநர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆணையத்தில் முறையிடக் காலவரம்பு 2 ஆண்டுகள். தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை.