படபடப்புக்குக் கேப்ஸ்யூல் வேண்டாம், ஈசிஜி எடுங்கள்

சென்னையில் ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர் பக்கம் எந்த மருந்துக் கடையிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். வைட்டமின் ஈ, கோ-என்சைம் க்யூ10, மீன் எண்ணெய், திராட்சை விதைச் சாறு எல்லாம் அங்கே அடுக்கியிருக்கும். 'நெஞ்சு அடிக்கடி படபடங்குது' என்று சொல்லி, மருந்துச் சீட்டு இல்லாமலே இவற்றை வாங்கிப் போகிறவர்கள் ஏராளம். பாட்டில் காலியாகும்வரை டாக்டரிடம் போவதில்லை. அந்த ஒன்றிரண்டு மாதத் தாமதம்தான் ஆபத்து.

இவற்றை விற்கச் சொல்லப்படும் 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' (ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்) என்பது கற்பனை அல்ல. இதயத்தின் செல்கள் ஆற்றல் தயாரிக்கும்போது தீவிரமாக வினைபுரியும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளும் உண்டாகின்றன. உடல் அவற்றை உடனுக்குடன் அடக்கிவிடும். புகைப்பழக்கம், கட்டுப்படாத சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு என்று வரும்போது இந்தச் சமநிலை குலைகிறது. செல்லுக்குள் கால்சியத்தைப் பூட்டி வைத்திருக்கும் வாயில்கள் கசிய, நேரம் கெட்ட நேரத்தில் மின்துடிப்பு கிளம்புகிறது. இது கீழறைகளில் பரவினால் இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். சில நொடிகளில் நினைவு தப்பும்.

அப்படியானால் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். மருத்துவ உலகமும் அப்படித்தான் நம்பியது, சோதித்தும் பார்த்தது. 'ஹோப்' என்ற பெரிய ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டு, ஒரு பிரிவினருக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ தரப்பட்டது. 2000-இல் முடிவு வந்தது: மாரடைப்பும் குறையவில்லை, மரணமும் குறையவில்லை. 2005-இல் வெளியான அதன் தொடர் ஆய்வில், வைட்டமின் சாப்பிட்டவர்களிடம் இதயச் செயலிழப்பு கூடியிருந்தது. அதிக அளவு மீன் எண்ணெய், மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நோயைக் கூட்டுகிறது என்றும் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. நெல்லிக்காயும் கீரையும் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அவை ஈசிஜிக்கு மாற்று ஆகாது.

கவனம் எப்படித் திசைமாறும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2021 ஏப்ரல் 16 காலை நடிகர் விவேக் நினைவிழந்த நிலையில் வடபழனியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாயில் 100 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள், இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் எக்மோ கருவியில் இணைத்தார்கள். மறுநாள் அதிகாலை உயிர் பிரிந்தது. மருத்துவமனைக்கு வருவதற்கு முந்தைய நாள் அவர் கொரோனா தடுப்பூசி போட்டிருந்தார். உடனே ஊர் முழுக்கத் தடுப்பூசிப் பேச்சு. மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் ஆய்வுக் குழு பிறகு சொன்னது. அதற்குள் அடைப்பைப் பற்றிய பேச்சு அமுங்கிப் போயிருந்தது. ரத்தக்குழாய் திடீரென அடைபடும்போது முதல் ஒரு மணி நேரத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கீழறைகளின் தாளம் தப்பிய துடிப்புதான்.

ஆகவே, படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். நடைப்பயிற்சியின்போது மயங்கி விழுந்தாலும், வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலும் படபடப்பை 'கேஸ் டிரபிள்' என்று தள்ளிவிடாதீர்கள். விழுந்தவர் மூச்சு விடவில்லை என்றால் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். தண்ணீர் ஊற்றுவதும் சாவியைக் கையில் திணிப்பதும் உயிரைக் காப்பாற்றாது.

படபடப்பு இருக்கும்போதே எடுக்கும் ஈசிஜிதான் பேசும். அது நின்றபின் போனால் தாள் சுத்தமாக இருக்கும், 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பினால் துடிப்பை 24 மணி நேரமும் பதியும் ஹோல்டர் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். பொட்டாசியம், தைராய்டு பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டு போங்கள். அசித்ரோமைசின், டோம்பெரிடோன் போன்ற சாதாரண மருந்துகளே சிலருக்குத் துடிப்பைத் தடம்புரளச் செய்யும்.

ஈசிஜி தாள் வெப்பத்தில் அச்சாகும் தாள். நாளாக நாளாக வெளிறிவிடும். பத்திரம் என்று நினைத்து லேமினேட் செய்தால் முழுக்கக் கறுத்துப்போகும். அன்றே இரண்டு ஜெராக்ஸ் எடுத்துத் தேதி எழுதி வையுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதி. எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் 'நாளைக்கு வாங்க' என்பதுதான் பதிலாக இருக்கும்.

இனி அந்தக் கண்ணாடி அலமாரிக்கு வருவோம். ஒரு மருந்து இதயநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். விளம்பரங்கள் நிற்கவில்லை என்றால் அதிகாரிகள் எழுத்துப்பூர்வப் புகார் வரும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள். புகார் கொடுக்க இடம் தூரமும் இல்லை. தேனாம்பேட்டை ஏஜி-டிஎம்எஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால், 359 அண்ணா சாலை, டிஎம்எஸ் வளாகம். உணவுப் பாதுகாப்பு ஆணையரகமும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் அங்கேதான். பாட்டிலில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருந்தால் முதல் அலுவலகம், மருந்து உரிம எண் இருந்தால் இரண்டாவது. உணவு உரிமம் பெற்ற இத்தகைய கேப்ஸ்யூல்களின் லேபிளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருக்க வேண்டும். கடையில் நின்றபடியே தேடிப் படியுங்கள்.

புகாருடன் பேட்ச் எண் உள்ள பில்லின் நகல், லேபிளின் எல்லாப் பக்கங்களின் படம், தேதி தெரியும்படி விளம்பரத்தின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். அசல் பில்லைக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு பிரதி கொண்டு போய், ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத புகார் கொடுக்கப்படாத புகார்தான். ஒரு மாதம் பதில் இல்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நடவடிக்கை விவரம் கேளுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில் இல்லாதவர் அங்கே எதையும் நிரூபிப்பது கடினம். 50 ரூபாய் மாத்திரைக்கும் பில் கேட்டு வாங்குங்கள்.