நேரடி அரட்டையும் இணைய அரட்டையும்

நேரடி அரட்டை என்பது நண்பர்கள் ஓரிடத்தில் கூடி, குறிப்பிட்ட நோக்கம் எதுவும் இன்றி முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பது ஆகும். இணைய அரட்டை என்பது அதே பேச்சைக் கைபேசி அல்லது கணினி வழியாக எழுத்து, குரல், படம், காணொளி ஆகியவற்றால் நிகழ்த்துவது ஆகும். இரண்டும் நட்பைப் பேணும் வழிகளே. ஆயினும் ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று முழுமையாகச் செய்துவிடுவதில்லை. இக்கட்டுரை இவ்விரண்டின் இயல்புகளையும் வேறுபாடுகளையும், இராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பகுதியின் வாழ்க்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

சொல்

தமிழில் அரட்டை என்ற சொல் நெடுங்காலம் சற்று மதிப்புக் குறைந்த பொருளிலேயே வழங்கியது. 'வெட்டி அரட்டை', 'அரட்டை அடிக்காதே' என்பன வீட்டிலும் வகுப்பறையிலும் கேட்கும் தொடர்கள். திண்ணைப் பேச்சு, ஊர்க்கதை என்ற சொற்களும் ஏறத்தாழ இதே பொருளைத் தருவன. ஈழத் தமிழில் 'கதைத்தல்' என்பது உரையாடலுக்கு உரிய இயல்பான சொல். அதில் இகழ்ச்சி இல்லை. அளவளாவுதல் என்பது இதன் இலக்கிய வழக்கு.

சன் தொலைக்காட்சியில் விசு நடத்திய 'அரட்டை அரங்கம்' நிகழ்ச்சி இச்சொல்லுக்குப் பொது மேடையில் ஓர் இடம் தந்தது. இணையம் வந்த பின் 'சாட்' என்பதற்கு ஈடாக இச்சொல் நிலைத்தது. சோகோ நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட செய்திச் செயலிக்கு 'அரட்டை' என்றே பெயரிட்டது. 2025 செப்டம்பர் இறுதியில் அச்செயலி இந்தியா முழுவதும் பேசப்பட்டபோது, தமிழ் அறியாதவர்களும் இச்சொல்லைக் கற்றுக்கொண்டனர்.

வரலாறு

தொலைவில் இருப்பவருடன் நட்புக் கொள்வது இணையத்தால் வந்த புதுமை அன்று. உறையூரில் இருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் புலவர் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் காணாமலே நட்புக் கொண்டிருந்ததைப் புறநானூறு காட்டுகிறது. நட்புக்கு உணர்ச்சி ஒத்திருத்தலே போதும் எனக் கூறும் குறளுக்கு (785) உரை எழுதிய பரிமேலழகர், இவ்விருவரையே சான்றாகக் காட்டுகிறார். ஆனால் இவ்வரலாற்றின் முடிவையும் சேர்த்துக் காண வேண்டும். சோழன் வடக்கிருந்து உயிர் துறக்க முனைந்தபோது, நண்பர் வருவார் என்று கூறித் தன் அருகில் இடம் ஒதுக்கச் செய்தான். பிசிராந்தையாரும் வந்து சேர்ந்தார். காணாமலே வளர்ந்த நட்பு, தேவைப்பட்ட வேளையில் நேரில் வந்து நின்றது.

பிற்காலத்தில் இத்தகைய நட்பைக் கடிதம் தாங்கியது. 1980களில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற தமிழர்கள் ஒலிநாடாவில் பேசிப் பதிவுசெய்து, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்து அனுப்பும் வழக்கம் இருந்தது. வீட்டார் கூடி அமர்ந்து அதைக் கேட்பர். இன்றைய குரல் செய்தியின் முன்னோடி என இதைக் கூறலாம். பின்னர் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. தொலைபேசி நிலையங்கள் வந்தன. அங்கே மீட்டர் ஓடும் வேகமே பேச்சின் நீளத்தை முடிவுசெய்தது.

கணினி வழி அரட்டை 1973இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான 'டாக்கோமேட்டிக்' என்ற நிரலில் தொடங்கியது. 1988இல் பின்லாந்தின் யார்க்கோ ஒய்க்காரினென் ஐ.ஆர்.சி. என்ற முறையை உருவாக்கினார். முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. 1998இல் வந்த யாகூ மெசஞ்சர், இணைய மையங்களில் மணிக்கணக்கில் பணம் கட்டி அரட்டை அடித்த ஒரு தலைமுறையை உருவாக்கியது. 2009இல் வாட்ஸ்அப் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின் இந்தியாவில் தரவுக் கட்டணம் வெகுவாகக் குறைந்ததால், இணைய அரட்டை சிற்றூர்களின் அன்றாட வழக்கமாயிற்று.

சாயல்குடிப் பகுதியில்

சாயல்குடி, கடலாடி வட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த பேரூராட்சி ஆகும். பனை, கடல், வானம் பார்த்த வேளாண்மை ஆகிய மூன்றும் இப்பகுதியின் பிழைப்பைத் தாங்குகின்றன. மூக்கையூர், வாலிநோக்கம், நரிப்பையூர் போன்ற கடலோர ஊர்கள் அருகில் உள்ளன.

இங்கே பேச்சு வேலையோடு சேர்ந்தே நடக்கிறது. பதநீர் இறங்கும் காலத்தில், அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றும் இடத்தில் அடுப்பைச் சுற்றிப் பேச்சு நடக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அந்நாட்களில் படகையும் வலையையும் பழுது பார்ப்பதே கரையில் அரட்டைக் களம். தண்ணீர் தட்டுப்பாடு மிகுந்த ஊர்களில், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு குழாயடியில் காத்திருக்கும் நேரம் பெண்களுக்குப் பேச்சு நேரம் ஆகிறது. டீக்கடைப் பெஞ்சு, ஊருணிக் கரை, கண்மாய் மடை, பேருந்து நிலையம் ஆகியவையும் அவ்வாறே. இவற்றில் எதற்கும் யாரும் 'அரட்டைக்குப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுச் செல்வதில்லை.

அதே வேளையில் மழை பொய்க்கும் இம்மாவட்டத்திலிருந்து சென்னை, திருப்பூர் போன்ற நகரங்களுக்கும் வளைகுடா நாடுகள், மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றுக்கும் பலர் வேலைக்குச் செல்கின்றனர். ஒரே வகுப்பில் படித்த நால்வர் நான்கு ஊர்களில் இருப்பது இங்கே இயல்பு. அவர்களுக்கு இணைய அரட்டை, நேரடிப் பேச்சுக்கு மாற்று அன்று; அது இல்லையென்றால் பேச்சே இல்லை. எனவே இரண்டில் எது சிறந்தது என்ற பட்டிமன்றக் கேள்வி இப்பகுதிக்குப் பொருந்தாது. எந்தப் பேச்சு எதற்கு உதவும் என்பதே பயனுள்ள கேள்வி.

நேரடிப் பேச்சின் இயல்புகள்

நேரில் பேசும்போது ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்க எடுத்துக்கொள்ளும் இடைவெளி மிகக் குறைவு. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு, இது சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு எனக் கண்டது. ஆய்வுக்கு எடுத்த மொழிகளில் தமிழ் இல்லை. எனினும் தொலைவான பல மொழிகளிலும் இவ்வளவு ஒற்றுமை இருந்தது. எதிரில் இருப்பவர் முடிக்கும் முன்பே அவர் சொல்லப்போவதை மனம் கணித்துவிடுவதால்தான் இது இயலுகிறது. அவ்வளவு கூர்ந்த கவனத்தை நாம் அறியாமலே நண்பருக்குத் தருகிறோம்.

பிரித்தானிய மானிடவியலாளர் ராபின் டன்பார், குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவைப் பேணுவது போல மனிதர்கள் வம்புப் பேச்சால் உறவைப் பேணுகின்றனர் என்ற கருத்தை முன்வைத்தார். இயல்பான ஒரு பேச்சுக் குழுவில் ஏறத்தாழ நான்கு பேருக்கு மேல் நிலைப்பதில்லை என்பதும் அவரும் உடன் ஆய்வாளர்களும் கண்டது. டீக்கடைப் பெஞ்சில் ஐந்தாவது ஆள் வந்து அமர்ந்ததும் பேச்சு இரண்டாகப் பிரிவதை எவரும் கவனிக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் 2022 முதல் 1,024 பேர் வரை இருக்கலாம். பெயர் குழு என்றாலும் அங்கே நடப்பது பெரும்பாலும் அரட்டை அன்று. சிலர் பேச, பலர் பார்க்கும் மேடை.

நேர்ப்பேச்சைப் பற்றி எழுதும் பலர், பொருளில் 7 விழுக்காடே சொல்லால் வருகிறது, மீதி குரலாலும் உடல்மொழியாலும் வருகிறது என்று கூறுவர். இது தவறான பயன்பாடு. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகள் தனிச் சொற்களைச் சொல்லும்போது வெளிப்படும் விருப்பு வெறுப்பைப் பற்றியவை மட்டுமே. எல்லாப் பேச்சுக்கும் அவ்விகிதம் பொருந்தாது. மாணவர்கள் பேச்சுப் போட்டிகளில் இதை மேற்கோளாகக் காட்டும்போது கவனம் தேவை.

இணைய அரட்டையின் இயல்புகள்

இணைய அரட்டையின் முதல் நன்மை தொலைவைக் கடப்பது. இரண்டாவது, நேரத்தைக் கடப்பது. இரவுப் பணி முடித்தவர் விடியற்காலையில் அனுப்பியதை, நண்பர் மாலையில் படித்து விடையளிக்கலாம். மூன்றாவது, எழுதி அழித்துத் திருத்தும் வாய்ப்பு. கூச்சம் உடையவர்களும் திக்கிப் பேசுபவர்களும் செவித்திறன் குறைந்தவர்களும் எழுத்தில் தயக்கமின்றிப் பேசுகின்றனர். இதனால் சில வேளைகளில் நேரில் பேசுவதைவிட இணையத்தில் நெருக்கம் கூடும் என்று ஜோசப் வால்தர் 1996இல் விளக்கினார்.

குறைகளும் இதே இயல்புகளிலிருந்து பிறக்கின்றன. தொனி இல்லாத எழுத்தில் கேலியும் வினையும் ஒன்றுபோல் தோன்றும். குரூகர், எப்லி முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தாம் எழுதிய மின்னஞ்சல் கேலியா உண்மையா என்பதைப் படிப்பவர் நான்கில் மூன்று முறைக்கு மேல் சரியாக அறிவர் என அனுப்பியவர்கள் நம்பினர். உண்மையில் கண்டறிந்தது பாதிக்குச் சற்றே கூடுதல், அதாவது நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். இக்குறையை நீக்கவே ஸ்காட் ஃபால்மன் 1982 செப்டம்பர் 19 அன்று நிறுத்தற்குறிகளால் ஆன சிரிப்பு முகத்தை முன்மொழிந்தார்.

தமிழில் இக்குறைக்கு இரண்டு தனி வடிவங்கள் உண்டு.

முதலாவது, உம் கொட்டுதல். கதை கேட்பவர் இடையிடையே 'ம்' சொல்வது, 'கேட்கிறேன், மேலே சொல்' என்பதன் அடையாளம். உம் கொட்டாதவரிடம் கதை சொல்ல யாரும் விரும்பார். அதே 'ம்' திரையில் தனியாக வந்து நின்றால், 'எனக்கு விருப்பமில்லை' அல்லது 'கோபமாக இருக்கிறேன்' என்று பொருள்படுகிறது. எழுத்து ஒன்றுதான், பொருள் நேர்மாறு.

இரண்டாவது, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது. வலி, வழி, வளி ஆகிய மூன்றும் அவ்வாறு எழுதும்போது பெரும்பாலும் ஒரே வடிவம் பெறுகின்றன. குறிலும் நெடிலும் கலக்கின்றன. தமிழ் விசைப்பலகை இன்று எல்லாக் கைபேசிகளிலும் கிடைப்பதால், இச்சிக்கலைத் தவிர்ப்பது எளிது.

செய்தி பரவும் வேகம் மற்றொரு வேறுபாடு. வதந்தி டீக்கடையிலும் பிறக்கும். ஆனால் அங்கே 'யார் சொன்னது?' என்று கேட்டால் ஒருவர் விடை சொல்லியாக வேண்டும். முன்னனுப்பப்பட்ட செய்தியில் அந்த ஆள் இல்லை. குழந்தை கடத்துவோர் பற்றிய பொய்ச் செய்திகள் பரவிய 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். பிற மாநிலங்களிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தபின், அவ்வாண்டு சூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே முன்னனுப்ப இயலும் என வரம்பிட்டது.

பெருந்தொற்றுக் காலம்

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 19 மாதங்கள் அம்மாணவர்களின் வகுப்புத் தோழமை கைபேசியைச் சார்ந்தே இருந்தது. வீட்டில் இருந்த ஒரே கைபேசி தந்தையோடு வேலைக்குச் சென்றுவிட்டால், பாடமும் இல்லை, நட்பும் இல்லை. இணைய அரட்டைக்கு நேரடிப் பேச்சில் இல்லாத ஒரு நுழைவுக் கட்டணம் உண்டு என்பதை அக்காலம் காட்டியது. கருவி, தரவு, அலைவரிசை ஆகிய மூன்றும் இருப்பவரே அதில் பங்குபெற இயலும். அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், தெருவிலேயே பிள்ளைகளைச் சிறு குழுக்களாக நேரில் கூட்டியது இதன் பின்னணியிலேயே.

எதற்கு எது

மேற்கண்டவற்றிலிருந்து சில நடைமுறைகளை வகுக்கலாம்.

செய்தி சொல்லவும் நாள் குறிக்கவும் படம் பகிரவும் எழுத்து அரட்டை போதும். நலம் விசாரிக்கக் குரல் நல்லது. எழுத்தில் மறையும் தளர்ச்சி குரலில் தெரிந்துவிடும். மனத்தாங்கல் ஏற்பட்டால் எழுத்தில் வாதிடாமல், நேரில் சந்திப்பது வரை அல்லது குறைந்தது அழைத்துப் பேசுவது வரை பொறுப்பது நட்பைக் காக்கும். நேரில் அமர்ந்திருக்கும்போது கைபேசியை மடித்து வைப்பது, எதிரில் இருப்பவருக்குத் தரும் மரியாதை.

தென்மாவட்டங்களில் இறப்பு நிகழ்ந்த வீட்டுக்குச் சென்று விசாரிப்பதைக் கேதம் கேட்டல் என்பர். நல்ல காரியத்துக்கு அழைத்தால் செல்வதும், துக்கத்துக்கு அழைக்காமலே செல்வதும் ஊர் முறை. இன்று இறப்புச் செய்தி வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. கைகூப்பிய படங்கள் வரிசையாக அதன் கீழ் விழுகின்றன. வெளிநாட்டில் இருப்பவருக்கு அதுவே இயன்றது. அவர் விடுப்பில் ஊர் வரும்போது, மாதங்கள் கடந்திருந்தாலும், அவ்வீட்டுக்கு முதலில் சென்று சற்று நேரம் அமர்ந்துவிட்டு வருவதை இப்பகுதியில் இன்றும் எதிர்பார்க்கின்றனர். அங்கே பெரும்பாலும் அதிகம் பேசப்படுவதில்லை.